வாத்துக்குப் போன பொட்டலம்

சித்தியிடம் மருந்து வாங்கப் போகிறவர்கள் நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். சீட்டை நீட்டியதும் எடுத்துக் கொடுத்து அனுப்புகிற ஆள் இல்லை அவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மாத்திரை அட்டையின் பின்பக்கம் எறும்பு ஊர்வது போல் அச்சடித்திருப்பதை முழுதாக வாசித்துவிட்டுத்தான் நிமிர்வார். அதற்குப் பிறகு விசாரணை ஆரம்பமாகும்.

"வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க."

"பிரஷருக்கு?"

"அது தினமும் போடறதுதானே. அதைப் போய் மாத்திரைன்னு சொல்லுவாங்களா?"

"பின்ன, பிஸ்கட்டா?"

பின்னால் நிற்பவர்கள் முதலில் முனகுவார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களும் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். காலை மாத்திரையின் உறையில் சூரியனும் இரவு மாத்திரையின் உறையில் நிலாவும் பேனாவால் வரைந்து, வாங்குகிறவரின் பெயரையும் எழுதித்தான் கொடுப்பார். பெயர் எழுதாத உறை அந்த மருந்துக்கடைப் படியைத் தாண்டியதில்லை.

இவ்வளவு பேசுகிற சித்தி வீட்டுக்குள் நுழைந்ததும் மருந்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அங்கே அவருடைய வைத்தியம் முழுக்கத் தலைமறைவு வைத்தியம்.

அதற்குக் காரணம் சித்தப்பாவும் அவர்களுடைய ஒரே மகளும்தான்.

சித்தப்பா ஒரு பெரிய அலுவலகத்தின் கேண்டீனில் தலைமைச் சமையல்காரர். பானைக்கு மேல் குனிந்தே உப்பு போதுமா இல்லையா என்று சொல்லிவிடுவார் என்று அவர் கீழ் வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். அப்படிச் சொல்லும்படி அவரே பழக்கியிருந்தார். "பொறந்ததிலேர்ந்து ஒரு மாத்திரை போட்டதில்ல" என்பது அவருடைய இன்னொரு பெருமை. கல்யாணத்துக்கு முன்னாலேயே சித்தியிடம் அதைச் சொல்லியிருக்கிறார். சித்தி அதைத் தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை, சவாலாக எடுத்துக்கொண்டார்.

மகளை வீட்டில் வாத்து என்றுதான் கூப்பிடுவோம். நடக்கும்போது பாதம் இரண்டும் வெளிப்பக்கம் பார்க்கும். தரையில் அவள் நடப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள், தண்ணீரில் அவள் பட்டர்ஃபிளை நீச்சல் அடிப்பதைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள். பதினாறு வயது. எந்தத் தண்ணீருக்கும் பயப்படாதவள், மாத்திரையைப் பார்த்தால் மட்டும் தொண்டைக் கதவைச் சாத்திக்கொள்வாள். சின்ன வயதில் ஒரு மாத்திரையை விழுங்கப் போய்க் கண் பிதுங்க இருமியதிலிருந்து அப்படி.

ஆக, இரண்டு பேருக்கும் உடம்புக்கு வந்தால் சித்தி ஒரே வழியைத்தான் கையாண்டார். கடையின் உள்ளறையில் ஒரு சின்னப் பீங்கான் உரல் இருந்தது. மாத்திரையை அதில் பொடித்து, வெள்ளைக் காகிதத்தில் மடித்து, கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார். சித்தப்பாவுக்கு அது சூப்பில் போகும், மகளுக்கு வாழைப்பழப் பாலில். கூடவே ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை கசப்போடு சண்டை போடுமாம், உப்புதான் கசப்பைத் தூங்க வைக்குமாம். சித்தப்பாவின் சளி இரண்டே நாளில் காணாமல் போகும். கேண்டீனில் போய், "என் உடம்பு வாகு அப்படி" என்று மார்தட்டுவார். வீட்டில் அதையே சொல்லும்போது, "ஆமாங்க, எல்லாருக்கும் வாய்க்குமா?" என்பார் சித்தி. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இருக்காது.

இப்படியே எத்தனையோ வருடம் ஓடியிருக்கும். மாநில நீச்சல் தேர்வுப் போட்டி வந்து கெடுத்தது.

நீச்சல் கிளப்பில் சேரும் பிள்ளைகளின் பெற்றோரை உட்கார வைத்து, எந்தெந்த மருந்து சாப்பிடக் கூடாது என்று வருடா வருடம் வகுப்பு எடுப்பார்கள். சித்தி முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவர். தடை செய்த மருந்துகளின் பட்டியலைக் கடைச் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தார். நீச்சல் பையோடு எந்தப் பிள்ளை வந்தாலும் அந்தப் பட்டியலைப் பார்க்காமல் ஒரு மிட்டாய்கூடக் கொடுக்க மாட்டார்.

போட்டிக்கு முந்தின நாள் அவர் இரண்டு பொட்டலம் மடித்தார். ஒன்று சித்தப்பாவுக்கு, மூக்கடைப்பு மாத்திரை. அது பட்டியலில் இருக்கிறது, ஆனால் சித்தப்பா எந்தக் குளத்தில் போட்டி போடப் போகிறார்? இன்னொன்று வாத்துக்கு, வெறும் வைட்டமின். இரண்டும் ஒரே காகிதம், ஒரே மடிப்பு. இரண்டிலும் பெயர் இல்லை. ஊருக்கெல்லாம் பெயர் எழுதித் தருகிறவர், வீட்டுப் பொட்டலத்தில் எழுதினால் அகப்பட்டுக்கொள்வோம் என்று எழுதாமல் விட்டிருந்தார்.

மறுநாள் காலை வீடு அமளிப்பட்டது. நீச்சல் கண்ணாடியைக் காணோம் என்று மகள் ஒரு பக்கம், வண்டிச் சாவியைக் காணோம் என்று அப்பா ஒரு பக்கம். சித்தி மிக்சியை ஓட விட்டுக்கொண்டே கைப்பைக்குள் கையை விட்டார். கையில் முதலில் அகப்பட்டது பாலுக்குள் போனது, மற்றது சித்தப்பாவின் சூப்பில்.

வாத்து அன்று முதலாவதாக வந்தாள். தேசிய இளையோர் போட்டிக்குப் போகும் அணியில் அவள் பெயர் வந்தது. வெற்றி பெற்றவர்களை வழக்கம்போல் ஒரு அறைக்கு அழைத்துப் போய்ச் சிறுநீர் மாதிரி எடுத்தார்கள். சித்தப்பாவுக்கு அந்த வாரம் முழுக்கச் சளி விடவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, சித்தி உட்பட.

சில வாரம் கழித்து ஒரு மாலையில் கோச் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. கதவருகில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். பரிசோதனையில் மருந்து தெரிந்திருக்கிறது, அளவு வரம்புக்கு மேல், உடனே தடை. குளத்துப் பக்கமே வரக் கூடாது.

"என்ன மருந்து சார்?" என்றாள் வாத்து.

கோச் கையிலிருந்த தாளைப் பார்த்து, பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது.

"நான் எதுவும் சாப்பிடல சார். சத்தியமா. எனக்கு மாத்திரை இறங்கவே இறங்காது, எல்லாருக்கும் தெரியும்."

"நான் நம்பறேன்மா. ஆனா குழு முன்னாடி எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க."

"அப்ப நீங்க நம்பலன்னு அர்த்தம்."

கோச் தாளை மடித்தார். அணி கிளம்புவதற்கு முன்பு விசாரணை நடக்கும், நிரூபிக்க முடியாவிட்டால் இரண்டு வருடம் வரை போட்டியே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். வாத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் யாரோ அவளை மாத்திரை வாத்து என்று கூப்பிட்டார்கள். வீட்டில் மட்டும் புழங்கிய பெயரை எவளோ தோழி வெளியே விட்டிருக்கிறாள். அன்றிலிருந்து அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

சித்தி அன்றே வக்கீலைத் தேடிப் போனார்.

வக்கீலம்மாவின் இரண்டு பிள்ளைகளும் அதே கிளப்பில்தான் நீந்துகிறார்கள். அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே. மேஜையில் சட்டப் புத்தகங்களோடு ஈரத் துண்டு ஒன்றும் எப்போதும் கிடக்கும். சித்தி நடந்ததைச் சொல்லி முடித்ததும் வக்கீலம்மா சிறிது நேரம் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"சிரிங்க சிரிங்க. உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா சிரிப்பீங்களா?"

"மன்னிச்சுக்குங்கக்கா. சட்டத்தைச் சொல்றேன், கேளுங்க. உடம்புக்குள்ள என்ன போனாலும் அதுக்கு விளையாடறவங்கதான் பொறுப்பு. தெரியாமப் போச்சுன்னு சொன்னா மட்டும் செல்லாது."

"குழந்தைக்குக்கூடவா?"

"அங்கதான் ஒரு சந்து இருக்கு. அவ சின்னப் பொண்ணு. மருந்தும் சாதாரண ஜலதோஷ மருந்து. அது உள்ள எப்படிப் போச்சுன்னு நாம காட்டிட்டா, அவமேல தப்பு இல்லன்னு ஆயிட்டா, எச்சரிக்கையோட விட்டுடலாம். எப்படிப் போச்சுன்னு காட்டணும். அதுதான் முக்கியம்."

"நான்தான் கலந்தேன்னு சொல்லிடறேன். முடிஞ்சுது."

"முடியல, இனிமேதான் ஆரம்பம். பிள்ளைக்குத் துணையா வர்ற பெத்தவங்களும் அந்த விதிக்குள்ள வருவாங்க. தடை செஞ்ச மருந்தை ஒரு வீராங்கனைக்குக் குடுத்தது தனிக் குற்றம். அவ வெளிய வந்துடுவா. நீங்க உள்ள மாட்டுவீங்க."

சித்தி யோசித்தார். வக்கீலம்மா ஆறுதல் சொல்லத் தயாரானார்.

"அது கிடக்கட்டும். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாம இதைச் சொல்ல வழி இருக்கா?"

வழி இல்லை என்று வக்கீலம்மா கண்டிப்பாகச் சொன்னார். மகள் மைனர் என்பதால் அப்பாவும் விசாரணையில் இருப்பார். அதற்குள் வீட்டில் சொல்லிவிட வேண்டும்.

சித்தி முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு நாள் சாப்பிடும்போது, "ஏங்க, இந்தச் சூப்புல நான் என்னவெல்லாம் போடறேன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். "மிளகு, செலரி, கொஞ்சம் வெண்ணெய். சொல்லட்டுமா, வெண்ணெய் எந்தக் கடையில வாங்கினதுன்னு?" என்றார் சித்தப்பா. சித்தி அத்தோடு நிறுத்திக்கொண்டார். இன்னொரு நாள் மகளின் அறைக் கதவைத் தட்டினார். "என்னம்மா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அழுத குரல். "ஒண்ணும் இல்ல, பால் வேணுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். விசாரணைக்கு முந்தின நாள் வக்கீலம்மா போனில், "வீட்ல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டதற்கு, "ஆச்சு ஆச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

விசாரணை நடந்தது நீச்சல் சங்கத்தின் கூட்ட அறையில். சன்னல் வழியாகக் குளம் தெரியும், குளோரின் வாசம் வரும். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் ஓய்வு பெற்ற நீதிபதி, அவர்தான் தலைவர். ஒரு பக்கம் ஒரு டாக்டர், மறுபக்கம் பழைய நீச்சல் வீராங்கனை ஒருவர். குடும்பத்தார் பின்வரிசையில் உட்காரலாம் என்று சொல்லியிருந்ததால் நானும் போயிருந்தேன். வாத்து முடியை இழுத்துக் கட்டி, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சன்னல் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

வக்கீலம்மா எழுந்திருப்பதற்கு முன்பே சித்தப்பா எழுந்துவிட்டார்.

"ஐயா, நான் பொண்ணோட அப்பா. ஒரு வார்த்தை."

"உட்காருங்க, உங்க வக்கீல் பேசட்டும்" என்றார் தலைவர்.

"ஒரே வார்த்தைங்க. எங்க வீட்ல மாத்திரைங்கறதே கிடையாது. என் பொண்டாட்டி மருந்துக்கடையில வேலை பார்க்கறா, வாஸ்தவம். ஆனா எங்களுக்கு ஒரு தலைவலி மாத்திரைகூடக் குடுத்ததில்ல. அந்தப் போட்டி வாரம் எனக்கே செம சளி. ஒரு வாரம் பூரா மூக்கு அடைச்சு, வாசனை தெரியாம, கேண்டீன் சூப்புல உப்பை அள்ளிக் கொட்டிட்டேன். அவ்வளவு பேரும் திட்டினாங்க. அப்பக்கூட ஒரு மாத்திரை தொடலையே! மருந்து தானா வந்து என் பொண்ணு வாயில விழுமா?"

அவர் உட்கார்ந்தார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வக்கீலம்மா மெதுவாகத் திரும்பிச் சித்தியைப் பார்த்த பார்வை, ஈரத் துண்டால் ஓங்கி அடித்தது போல் இருந்தது.

சித்தி எழுந்தார்.

"ஐயா, அவருக்கு எப்பவும் சளி ரெண்டு நாள்ல போயிடும். அந்த வாரம் ஏன் போகலன்னு கேளுங்க."

"ஏன்?" என்றார் தலைவர்.

"அவரு பொட்டலம் இவளுக்குப் போயிடுச்சு."

அறையில் வக்கீலம்மாவைத் தவிர யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சித்தி முதலிலிருந்து சொன்னார். உரல், காகிதம், சூப், பால், உப்பு. கடையில் வாடிக்கையாளருக்குச் சொல்வது போலவே நிதானமாக, ஒன்றையும் விடாமல் சொன்னார். சித்தப்பா நடுவில் ஒரு தடவை, "எந்தச் சூப்பு?" என்று கேட்டார்.

"எல்லாச் சூப்பும்தாங்க. உடம்புக்கு வந்தப்பல்லாம்."

"கல்யாணம் ஆனதிலேர்ந்தா?"

"முதல் வருஷம் இல்ல. அப்ப எனக்கு இவ்வளவு தைரியம் கிடையாது."

பழைய நீச்சல் வீராங்கனை தண்ணீர்க் குவளையால் வாயை மறைத்துக்கொண்டார். குழுவில் சிரிக்காதவர் டாக்டர் ஒருவர்தான்.

"எந்த அம்மாவும் மகளைக் காப்பாத்த இப்படிச் சொல்லுவாங்க. இந்த மாத்திரையைப் பொடிச்சா நல்லாக் கசக்கும். பாலைக் குடிச்ச பொண்ணுக்குத் தெரியாம இருந்திருக்காது. இவர் வேற சமையல்காரர். இத்தனை வருஷம் இவர் நாக்குக்கும் தெரியலையா?"

"தெரியாம இருக்குமா?" சித்தப்பா துள்ளி எழுந்தார். "நல்லாக் கேட்டீங்க டாக்டர்! என் நாக்கை ஏமாத்த முடியாது. இவ பொய் சொல்றா!"

"ஐயோ, உட்காருங்க சார்" என்றார் வக்கீலம்மா பல்லைக் கடித்துக்கொண்டு. சித்தப்பா தன் நாக்கின் மானத்தைக் காப்பாற்றப் போய், தன் மகளின் வழக்கைக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். அது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

தலைவர் பேனாவை மூடினார். "கணவரே மறுக்கும்போது நாங்க இதை எப்படி ஏத்துக்கறது?"

"சோதிச்சுப் பார்த்துடலாமே ஐயா" என்றார் வக்கீலம்மா. "கீழ கேண்டீன்ல மிக்சி இருக்கு, பழம் இருக்கு. சாதாரணக் காய்ச்சல் மாத்திரை, தடை இல்லாதது, அதுவும் கசக்கும். மூணு கிளாஸ் பால், ஒண்ணுல மட்டும் மருந்து. இவர் கண்டுபிடிச்சுட்டா நாங்க தோத்தோம்."

தலைவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தோளைக் குலுக்கினார். சித்தப்பா ஏற்கனவே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

பழைய வீராங்கனை சித்தியோடு கீழே போனார், கலப்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு. நாங்கள் வராந்தாவில் நின்றோம். சித்தி படியில் இறங்கப் போகும்போது வாத்து குறுக்கே வந்து நின்றாள்.

"மாத்திரை குடுத்தது கூடப் பரவாயில்லம்மா. நான் பொய் சொல்லலன்னு உனக்கு அன்னிக்கே தெரியும். எல்லாரும் என்னைக் கேவலமாப் பார்த்தாங்க. நீ தெரிஞ்சே சும்மா இருந்தே."

"ஆமாம்" என்று மட்டும் சொன்னார் சித்தி. மகளின் தோளைத் தொடக் கையை நீட்டி, பாதியில் இறக்கிக்கொண்டு படியிறங்கினார்.

"அப்பா" என்று திரும்பினாள் வாத்து. "நீங்க கண்டுபிடிச்சுட்டா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தெரியுதா?"

சித்தப்பாவின் முகம் அப்போதுதான் மாறியது. ஒரு பக்கம் மகள், மறுபக்கம் நாக்கு. இத்தனை வருடத்தில் இரண்டும் எதிரெதிராக நின்றதே இல்லை.

"பொய் சொல்லச் சொல்றியா கண்ணு?"

"வேண்டாம். உண்மையா குடிங்க. அம்மா சொல்றது நிஜம்னா உங்களுக்குத் தெரியாது."

"எனக்கா தெரியாது?" என்றார். ஆனால் குரலில் பழைய சுருதி இல்லை.

மூன்று கண்ணாடி டம்ளர்கள் மேஜைக்கு வந்தன. எதில் மருந்து என்று பழைய வீராங்கனை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்துத் தலைவரிடம் கொடுத்தார். சித்தப்பா முதல் டம்ளரை முகர்ந்தார். ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, நாக்கைச் சுழற்றினார். இரண்டாவது. மூன்றாவது. திரும்பவும் முதலாவது. அறை முழுக்க அவர் தொண்டைக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாத்து நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

அவர் சித்தியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு, தோற்கத் தெரியாத மனிதராக, நெஞ்சை நிமிர்த்தினார்.

"ரெண்டாவதுதான். சந்தேகமே இல்ல. அடிநாக்குல பிடிக்குது."

தலைவர் காகிதத்தைப் பிரித்தார். "மூன்றாவது."

"இருக்காது. இன்னொரு தடவை கலக்கச் சொல்லுங்க. வாழைப்பழம் சரியில்ல."

இன்னொரு தடவை கலந்தார்கள். இந்தத் தடவை முதலாவது என்றார். இல்லை. மூன்றாம் முறை கேட்டபோது தலைவர், "போதும், வயிறு என்ன ஆகறது?" என்றார். டாக்டர் தானே மீதியிருந்த டம்ளர்களை இழுத்து ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்த்தார். கடைசியில், "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார். மருந்து எதில் என்று அவரை யாரும் கேட்கவில்லை.

பின்வரிசை வரை கேட்கும்படி யாரோ சிரித்தார்கள். வாத்துதான். கோச் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் சிரிப்பை அன்றுதான் கேட்டோம். சித்தப்பா ஒன்றும் புரியாமல் நாக்கை நீட்டி அதன் நுனியைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்து அவள் இன்னும் சிரித்தாள்.

அதன் பிறகு டாக்டர் அந்தப் போட்டி வாரத்தைப் பற்றிச் சித்தப்பாவிடம் துருவித் துருவிக் கேட்டார். போகாத சளி, உப்புக் கரித்த சூப்பு, திட்டிய ஆட்கள். மனைவி சொல்வது பொய் என்று நிரூபிக்க எழுந்த மனிதரே முதலில் தன் வாயால் அதற்குச் சாட்சி சொல்லியிருந்தார். அதைவிட நல்ல சாட்சியை எந்த வக்கீலும் தயார் செய்ய முடியாது என்று வக்கீலம்மா பிறகு சொன்னார்.

தீர்ப்பை அன்றே வாசித்தார்கள். மருந்து உடம்பில் இருந்தபோது வாங்கிய பதக்கம் திரும்பப் போகும், அதில் யாருக்கும் விலக்கு கிடையாது. ஆனால் வாத்து மேல் தப்பு இல்லை, அவளுக்கு எச்சரிக்கை மட்டும். அவளுடைய முந்தைய போட்டிகளின் நேரமே போதும் என்பதால் அணியில் இடம் நிற்கும். தலைவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்து, "நீ சொன்னது உண்மைன்னு இந்தக் குழு எழுதி வெச்சிருக்கும்மா" என்றார். பதக்கம் போனதற்கு அழாதவள் அதைக் கேட்டு அழுதாள்.

பிறகு சித்தியின் முறை.

"சங்கத்தில் பதிவு பெற்ற எந்த நீச்சல் வீரருக்கும் இவர் தம் கையால் உணவோ பானமோ மருந்தோ தரக் கூடாது. கிளப்புக்குள்ளும் துணைக்கு வரக் கூடாது. தடை ஒரு வருடம்."

"வீட்லயுமா ஐயா?" என்றார் வக்கீலம்மா.

தலைவர் மேஜையில் சாட்சிப் பொருளாகச் சித்தி கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பீங்கான் உரலைப் பார்த்தார். "வீட்லதான் முக்கியமா."

"வீட்டுக்காரருக்கு?" என்று சித்தி கேட்டார்.

"அவர் நீச்சல் வீரர் இல்லையே."

"சரிங்க" என்றார் சித்தி, மிகவும் பணிவாக.

சித்தப்பாவுக்கு அந்தப் பணிவு பிடிக்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார். அந்த வாரம் முழுக்க எந்தச் சூப்பு வந்தாலும் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு ரொட்டியை மட்டும் கடித்தார். பிறகு ஒரு நாள் மாலை வேலை முடிந்து வரும்போது அவர் கையில் ஒரு நீச்சல் பை இருந்தது. சட்டைப் பையிலிருந்து புத்தம் புதிய அட்டை ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். கிளப்பில் ஆரம்பநிலை வகுப்பு. சங்கத்தில் பதிவு பெற்ற உறுப்பினர். முழங்கால் ஆழத் தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வகுப்பு அது. அங்கே அவருக்கு அடுத்து நிற்கும் வீரருக்கு இன்னும் முன்பல் முளைக்கவில்லை.

"இப்ப நானும் நீச்சல் வீரன். சட்டம் என்ன சொல்லுது? உன் கையால எனக்கு ஒண்ணும் தரக் கூடாது!"

சித்தி அட்டையை எடுத்துக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பின்பக்கம் வரை வாசித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, சித்தப்பாவுக்காகப் போட்டு வைத்திருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

"என்னோடது?"

"தரக் கூடாதே. அவளுக்கும் தரக் கூடாது, உங்களுக்கும் தரக் கூடாது. ஜட்ஜு சொல்லிட்டாரு. நான் என்ன பண்றது?"

நாள் முழுக்கக் கேண்டீன் அடுப்படியில் நின்றுவிட்டு வருவதால், வீட்டு அடுப்பைத் திரும்பியும் பார்க்காதவர் சித்தப்பா. அன்று அவர் மகளுக்கும் தனக்கும் சேர்த்துச் சமைத்தார். மறுநாளும் சமைத்தார். வாத்து தேசியப் போட்டிக்குப் போய், பதக்கத்தைத் தொட முடியாமல், ஆனால் தன் வாழ்நாளின் சிறந்த நேரத்தில் நீந்திவிட்டு வந்தாள். வந்த அன்றும் அடுப்படியில் அவர்தான் நின்றார். அம்மாவோடு அவள் இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். ஆனால் அப்பா வெங்காயம் நறுக்குவதைப் பார்க்க அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"அப்பா, நாளைக்கு உங்களுக்குக் கால் உதைக்கற பாடம். கோச் கேட்டாரு. ஓடிடாதீங்க."

"நீ சும்மா இரு வாத்து" என்று அடுப்படியிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. அதைத் தொடர்ந்து ஒரு தும்மல். சித்தியின் கை தானாகக் கைப்பையின் மேல் போனது. வாத்து அந்தக் கையைப் பார்த்தாள். சித்தி கையை எடுத்து, காலை எதிர் நாற்காலியில் நீட்டிப் போட்டுக்கொண்டு, போனில் வக்கீலம்மாவைக் கூப்பிட்டார்.

"வக்கீலம்மா, இந்தத் தடையை எதிர்த்து மேல்முறையீடு பண்ணலாம்னு சொன்னீங்களே... இல்ல இல்ல, ரத்து பண்ண இல்ல. இன்னொரு வருஷம் நீட்டிச்சுக் கேட்டா குடுப்பாங்களா?"